தொட்டியில் பாசியா? மருந்து வாங்கும் முன் விரலால் தேய்த்துப் பாருங்கள்

"தொட்டியில் பாசி வந்துவிட்டது, என்ன மருந்து போடலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது மூன்றே கேள்விகள்தான்: என்ன நிறம், எங்கே ஒட்டியிருக்கிறது, விரலால் தேய்த்தால் வருகிறதா? இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால் ஒரு மருந்து பாட்டிலும், பாசி தின்னும் என்று விற்கும் ஒரு சக்கர் மீனும் வாங்கிக்கொண்டு திரும்பி வருவீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன், இரண்டுமே உதவவில்லை.

என் தொட்டி சென்னையில் ஒரு மாடி வீட்டு ஹாலில் இருக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர் வரவேண்டும், ஆனால் மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் 50 லிட்டர்கூடத் தேறாது. கீழே மில்லி கணக்கில் எதையாவது சொன்னால் அது இந்த 50 லிட்டருக்குத்தான், உங்கள் தொட்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். தொட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும்.

சரி, உங்கள் தொட்டியில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

பழுப்பு நிறத் தூசி, தொட்ட உடனே வந்துவிடுகிறது

தொட்டி வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லையா? அப்படியென்றால் இது டயாட்டம். தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை வைத்து ஓடு கட்டிக்கொள்ளும் ஒரு செல் உயிரி. கண்ணாடி, இலை, மணல் எல்லாவற்றின் மீதும் காபித்தூள் தூவியது போல இருக்கும். புதுத் தொட்டியில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தண்ணீர் மாற்றும்போது பஞ்சால் துடைத்துவிடுங்கள், தொட்டி பக்குவப்பட்டதும் தானாகப் போய்விடும். இதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். பழைய தொட்டியில் திடீரென்று வந்தால் மட்டும் என்ன மாறியது என்று யோசியுங்கள்: போர் தண்ணீரிலிருந்து லாரித் தண்ணீருக்கு மாறியது, புதிதாக மணல் போட்டது, இப்படி ஏதாவது இருக்கும்.

தண்ணீரே பச்சையாகிவிட்டது, பின்னால் இருக்கும் மீன் தெரியவில்லை

இதில்தான் நான் அதிகமாக அடிபட்டேன். ஒரு வெள்ளைக் கோப்பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு பாருங்கள், பச்சைச் சாயல் தெரிந்தால் இது மிதக்கும் பாசி. ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக மிதப்பதால் சாதாரண ஃபில்டர் பஞ்சில் நிற்காது, உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். அதனால் "ஃபில்டர் பெரிதாக மாற்றினேன், போகவில்லை" என்று புலம்புவதில் பயனில்லை.

நான் செய்தது இன்னும் மோசம். ஒரு வாரம் தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன். பாதியை எடுத்தால் பாதிப் பாசி போகும், அது உண்மை, ஆனால் மிச்சமிருக்கும் பாதி ஓரிரு நாளில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடுகிறது, அதற்குத் தேவையான சத்தை நான்தான் புதுத் தண்ணீரோடு ஊற்றிக்கொண்டிருந்தேன். எட்டாவது நாள் முன்பைவிடப் பச்சை.

காரணம் எங்கே இருந்தது தெரியுமா? ஜன்னலில். என் தொட்டி தெற்கு ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் சூரியன் நேர் உச்சியில் போவதால் ஜன்னல் வழியாக ஒரு கீற்றுகூட உள்ளே வராது, அதனால் "வெயில் படாத இடம்" என்று நினைத்து அங்கே வைத்தேன். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, மதியம் இரண்டு மணி நேரம் வெயில் நேராகத் தொட்டிக்குள் விழுந்திருக்கிறது, அந்த நேரத்தில் நான் ஆபீஸில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஆகவே தொட்டி வைத்த மாதத்தை மட்டும் வைத்து வெயில் வராது என்று முடிவு செய்யாதீர்கள்.

தீர்வு இருட்டுதான். மூன்றிலிருந்து நான்கு நாள், முழு இருட்டு. விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாளை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். கம்பளி போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும், நம் ஊருக்கு அது வேண்டாம். நடுவில் விலக்கி எட்டிப் பார்க்கக் கூடாது (நான் பார்த்தேன், பிறகு ஒரு நாள் கூட்டினேன்). ஏர் பம்ப் நிற்காமல் ஓடவேண்டும், இதை மட்டும் மறக்கவே கூடாது, ஏனென்றால் இருட்டில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்காது, எடுத்துக்கொள்ளும், செத்து அழுகும்போதும் ஆக்சிஜன் செலவாகும். தீனி போடாதீர்கள், வளர்ந்த மீன்கள் நான்கு நாள் பட்டினி தாங்கும். ஐந்தாம் நாள் காகிதத்தைப் பிரித்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி மீனுக்கு விஷமான அமோனியாவாக மாறும் முன் வெளியே போகட்டும். செடிகள் கொஞ்சம் வெளிறும், தேறிவிடும்.

இருட்டுக்குப் பொறுமை இல்லையென்றால் புற ஊதா விளக்கு வைத்த கிளாரிஃபையர் வாங்கலாம், தண்ணீர் அந்த விளக்கைக் கடந்து போகும்போது பாசி சாகும், ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடும். விளக்கு அதன் கூட்டுக்குள்தான் எரியவேண்டும், வெறும் விளக்கைத் தொட்டிக்குள் தொங்கவிடுவது மீனுக்கும் உங்கள் கண்ணுக்கும் கேடு.

பச்சைத் தண்ணீர் மீனுக்கு விஷமல்ல. மாடியில் கப்பி மீன் பெருக்குபவர்கள் வெளித்தொட்டியில் வேண்டுமென்றே பச்சையாக வைத்திருப்பார்கள், குஞ்சுகளுக்கு அது நல்லது. ஹாலில் பார்க்கத்தான் நன்றாக இல்லை. ஆனால் விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ராத்திரியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஏர் பம்ப் போடுங்கள்.

பச்சை இல்லை, பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது

பாசியே இல்லை, பாக்டீரியா. புதுத் தொட்டியிலும், ஃபில்டரைக் குழாயில் போட்டு அலசிய பிறகும், தீனி அதிகமாகக் கொட்டிய பிறகும் வரும். தீனியைக் குறைத்துவிட்டு, அமோனியா ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். மற்றபடி சில நாளில் தானாகத் தெளியும். புதுக் கட்டையின் மேல் வெள்ளையாகச் சளி போலப் படர்ந்தால் அதுவும் பாசி இல்லை, பயப்பட வேண்டாம், இறால் இருந்தால் இரண்டு நாளில் தின்று தீர்த்துவிடும்.

கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள், பஞ்சுக்கு அசையவில்லை

பச்சைப் புள்ளிப் பாசி. அனுபியாஸ் மாதிரி மெதுவாக வளரும் செடியின் பழைய இலைகளிலும் உட்காரும். வெளிச்சம் அதிகம், அதுதான் பெரும்பாலும். செடி நிறைய வைத்து உரமும் போடுகிறவர்களுக்குப் பாஸ்பேட் குறைந்தாலும் வரும். கண்ணாடியை ஷேவிங் பிளேடால் சாய்வாகப் பிடித்துச் சுரண்டுங்கள், மூலையில் ஒட்டியிருக்கும் சிலிக்கானுக்குப் பக்கத்தில் பிளேடைக் கொண்டுபோகாதீர்கள், ஒருமுறை வெட்டுப்பட்டால் தொட்டி ஒழுக ஆரம்பிக்கும். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு கூடவே கூடாது, காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். இலையில் வந்ததைச் சுரண்ட முடியாது, அந்த இலையை வெட்டிவிடுங்கள்.

நெரைட் நத்தை இந்தப் புள்ளியைத் தின்னும், உண்மையாகவே தின்னும். ஆனால் எள்ளை ஒட்டிவைத்த மாதிரி வெள்ளை முட்டைகளைக் கட்டையெல்லாம் வைத்துவிட்டுப் போகும். அது உப்பில்லாத தண்ணீரில் பொரிக்காது, ஆனால் சுரண்டுவது பாசியைச் சுரண்டுவதைவிடக் கஷ்டம்.

பச்சை நூல், முடி, பஞ்சு

பழைய டூத்பிரஷ்ஷை உள்ளே விட்டு ஒரே திசையில் சுழற்றுங்கள், இடியாப்பத்தைச் சுற்றி எடுப்பது போல மொத்தமாகச் சுற்றிக்கொண்டு வரும். முதலில் கையால் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிடுவது அவசியம், எந்த வைத்தியமும் அதற்கு அப்புறம்தான்.

இது வருகிற தொட்டிகளில் பெரும்பாலும் விளக்கு வலுவாக இருக்கும், செடி நாலே நாலு இருக்கும். அந்த வெளிச்சத்தைச் செடி பயன்படுத்தவில்லையென்றால் பாசி பயன்படுத்திக்கொள்ளும். விளக்கை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். ஒரு டைமர் பிளக் வாங்கி மாலை 4 மணிக்கு எரிந்து இரவு 10 மணிக்கு அணையும்படி வையுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மீன் பார்க்க அதுவே போதும். கையால் போடுகிறேன், அணைக்கிறேன் என்பவர்கள் எல்லோரும் தூங்கப் போகும்போது மறக்கிறவர்கள்தான், நான் உட்பட. அப்புறம், வேகமாக வளரும் செடிகளைப் போடுங்கள்: ஹார்ன்வோர்ட், ஹைக்ரோஃபிலா, மேலே மிதக்கும் எதாவது ஒன்று.

அமானோ இறால் இந்த நூலை நன்றாகத் தின்னும், ஆனால் சென்னைக் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அது தாக்குப்பிடிப்பது கஷ்டம். மோலி மீன் கொத்தும், பசியில் இருந்தால்.

கறுப்பாக, குஞ்சம் குஞ்சமாக, பிடுங்கினாலும் வரவில்லை

இது தாடிப் பாசி. இலை ஓரம், ஃபில்டர் வாய், கட்டை, ஹீட்டர் வயர் என்று தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். பார்க்கக் கறுப்பு, ஆனால் இனம் சிவப்புப் பாசி. சந்தேகம் இருந்தால் ஒரு குஞ்சத்தைப் பிய்த்துக் கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டுவையுங்கள். பச்சை நிறமி ஸ்பிரிட்டில் கரைந்து போய்ச் சிவப்பு மிஞ்சும். மற்ற பச்சைப் பாசிகள் வெளிறிப்போகும்.

இதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வேலை செய்கிறது, ஆனால் இங்கேதான் பலர் மீனைக் கொன்றுவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் அளவெல்லாம் 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், லேபிளில் "20 வால்யூம்" என்று போட்டிருக்கும். அதே அளவை ஊற்றினால் இரண்டு மடங்கு ஆகிவிடும். 3 சதவீதம் என்றால் நான்கு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, என் தொட்டிக்கு 12 மில்லி. 6 சதவீதம் என்றால் 6 மில்லிதான். அதற்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் இரண்டு முறையும் வேண்டாம்.

செய்யும் விதம்: ஃபில்டரை நிறுத்துங்கள், தண்ணீர் அசையாமல் நிற்கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, குஞ்சத்தின் பக்கத்திலேயே மெதுவாக விடுங்கள். குமிழி வரும். ஐந்து, பத்து நிமிடம் கழித்து ஃபில்டரை ஓடவிடுங்கள், மறக்காமல். இரண்டு மூன்று நாளில் பாசி இளஞ்சிவப்பாக மாறும், அதுதான் செத்ததற்கு அடையாளம், பிறகு வெளுத்து உதிரும் அல்லது மீன்கள் கொத்தும். எல்லாக் குஞ்சத்தையும் ஒரே நாளில் பிடிக்க ஆசைப்படாதீர்கள், நாள் விட்டு நாள் ஒரு மூலையாகப் போங்கள். இறால் இருந்தால் அது இருக்கும் பக்கம் விடாதீர்கள். மாஸ், வாலிஸ்நேரியா என்ற செடிகள் இரண்டும் பெராக்சைடில் கருகலாம். கழற்றி எடுக்கக்கூடிய கல்லை வெளியே எடுத்துக் கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றினால் போதும், மருந்தே வேண்டாம்.

"லிக்விட் கார்பன்" என்று விற்பதும் இந்தப் பாசியைக் கொல்லும். பெயரைப் பார்த்துச் செடிக்கு உரம் என்று நினைத்துவிடாதீர்கள். பல பிராண்டுகளில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படுத்தும் அதே சரக்கு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். என் வாலிஸ்நேரியா மொத்தமும் இதில்தான் கரைந்து போனது.

பாசி செத்துவிட்டது, ஆனால் வந்த காரணம் அப்படியே இருக்கிறது. செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு வாயு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று போனால் வரும். நம்மைப் போலச் சாதாரணத் தொட்டிக்காரர்களுக்கு அழுக்கு: மணலுக்குள் தங்கிய கழிவு, மாதக்கணக்கில் திறக்காத ஃபில்டர், அழுகும் இலைகள்.

நீலப் பச்சைப் போர்வை, சகதி நாற்றம்

மணல் மேல் வழவழவென்று ஒரு சவ்வு, விரலால் தள்ளினால் முழுத் தாளாக உரிந்து வரும், முகர்ந்தால் குமட்டும். இதுவும் பாசி இல்லை. சயனோபாக்டீரியா, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நத்தை, இறால், மீன் யாரும் தொடமாட்டார்கள். தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையிலும், முன்கண்ணாடியில் மணலுக்குக் கீழே வெளிச்சம் படும் பட்டையிலும் ஆரம்பிக்கும்.

குழாய் வைத்துச் சவ்வை உறிஞ்சி எடுங்கள், ஃபில்டரின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள், மூன்று நாள் இருட்டு, பிறகு பாதித் தண்ணீர் மாற்றம். இது அழுக்குத் தொட்டியிலும் வரும், நைட்ரேட் (மீன் கழிவு கடைசியில் மாறும் உப்பு, செடிக்கும் பாசிக்கும் சத்து) பூஜ்யத்துக்கு இறங்கிவிட்ட சுத்தமான செடித் தொட்டியிலும் வரும், அதனால் ஒருமுறை நைட்ரேட் அளந்து பாருங்கள். எரித்ரோமைசின் மாத்திரை போட்டால் போகும் என்பது உண்மைதான், பாக்டீரியா ஆயிற்றே. நான் போடமாட்டேன். வீட்டுச் சாக்கடைக்கு ஆன்டிபயாடிக் தண்ணீரை ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, இருட்டே பெரும்பாலும் வேலையை முடித்துவிடுகிறது.

எல்லாம் செய்தேன், இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது

வெளிச்சத்தைக் குறைத்தாயிற்று என்றால் அடுத்தது தீனி. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் அளவு. வீட்டில் வேறு யாரும் போடுகிறார்களா என்று விசாரியுங்கள், எங்கள் வீட்டில் அப்பா காலையில் ஒரு தடவை, "பாவம் பசிக்கும்" என்று அம்மா மதியம் ஒரு தடவை, நான் ராத்திரி ஒரு தடவை. ஒரு வாரத் தீனியை மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைத்த பிறகுதான் நின்றது.

பிறகு ஃபில்டர். பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், குளோரின் அதிலிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே பக்கெட்டில் பிடித்து அதில் பிழியுங்கள். அதே நாளில் மணலையும் கிளறிச் சுத்தம் செய்யாதீர்கள், ஒரு வாரம் இது, அடுத்த வாரம் அது. மூடிய வகை ஃபில்டர் வைத்திருந்து மூன்று நான்கு மணி நேரம் கரண்ட் போனால், உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டுப்போயிருக்கும். கரண்ட் வந்ததும் அதைத் தொட்டிக்குள் தள்ளவிடாமல், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள். மின்வெட்டுக்கு மறுவாரம் பாசி வருகிறது என்று சொல்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது பலர் பார்க்காத ஒன்று, ஊற்றும் தண்ணீர். நைட்ரேட் கிட் இருந்தால் தொட்டித் தண்ணீரை அளப்பதற்கு முன் குழாய்த் தண்ணீரை அளங்கள். தொட்டியில் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) வரை இருந்தால் கவலையில்லை. ஆனால் போர் தண்ணீரிலேயே 40 இருந்தால் நீங்கள் வாரா வாரம் மாற்றுவதில் எதுவும் குறையப்போவதில்லை. அப்போது ஆர்ஓ தண்ணீரைப் பாதி கலந்து ஊற்றவேண்டும். (ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை இல்லை. அதில் எல்லாம் இன்னும் அடர்த்தியாக இருக்கும்.) செலவில்லாத வழி மணிபிளான்ட். வேரை மட்டும் தண்ணீரில் விட்டு இலையை வெளியே தொங்கவிடுங்கள், நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். என் தொட்டியில் இரண்டு கொடி, ஜன்னல் கம்பி வரை போயிருக்கிறது.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கேட்டது என்று தெரியாது.

"பாசி தின்னும் மீன் விட்டால் போதாதா?"

சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போனால் விரல் நீளத்தில் சக்கர் மீன் மலிவாகக் கிடைக்கும். அது ஓரடிக்கு மேல் வளரும். தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம், அந்தக் கழிவில் பாசி வளரும். வளர்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஏரியில் விடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள், அது நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

"ஆல்கே ஈட்டர்" என்று மஞ்சள் நிறத்தில் தருவது சைனீஸ் வகை. குட்டியில் பாசி தின்னும், பெரிதானதும் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். தாடிப் பாசியைத் தின்பது சயாமீஸ் வகை. உடம்பில் ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் கடைசி வரை போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் ஐந்து அங்குலத்துக்கு மேல் வளரும், என் இரண்டடித் தொட்டிக்குப் பெரிது, நான் வாங்கவில்லை.

இப்போது நான் வாரத்துக்கு ஒருமுறை முன்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் சுரண்டுகிறேன். பின்கண்ணாடியைத் தொடுவதில்லை. அங்கே மெல்லியதாக ஒரு பச்சைப் படலம் எப்போதும் இருக்கும், செர்ரி இறால்கள் காலையிலிருந்து ராத்திரி வரை அதில்தான் மேய்கின்றன.